'ரிலையன்ஸ்'க்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

செ.:
நண்பர்களே, மருந்து ஒழுங்குமுறை பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்களன்று கொடுத்தாக வேண்டும். 'ரெகுலேட்டரி ரிலையன்ஸ்' என்ற இடத்தில் வண்டி நிற்கிறது. வருமானம் குறைந்த நாடுகளின் மருந்து ஆணையங்களுக்கு ஒவ்வொரு மருந்தையும் முதலிலிருந்து ஆராய ஆள் போதாது. அதனால் வேறொரு ஆணையமோ, மருந்துகளின் தரத்தை மதிப்பிட்டுத் தகுதி தர உலக சுகாதார நிறுவனம் 2001இல் தொடங்கிய முன்தகுதித் திட்டமோ எழுதிய மதிப்பீட்டறிக்கையை வாங்கிப் படித்து, அதை வைத்து முடிவெடுக்கின்றன. முடிவும் பொறுப்பும் அவற்றுடையவையே. 'சார்பு' என்று போட்டிருக்கிறேன். போதுமா?

ம.:
போதாது. 'சார்புள்ள ஆணையம்' என்றால் கம்பெனிக்காரர் பக்கம் சாய்ந்த ஆணையம் என்றுதான் படிப்பார்கள். 'நம்பியேற்பு' என்று போடுங்கள். யாருக்கும் புரியும்.

இரா.:
சார்பை அப்படித் தள்ளிவிடலாமா? சார்பெழுத்தில் என்ன குறை கண்டீர்கள்? தொல்காப்பியர் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்று சொன்னார், நன்னூலார் பத்தாக்கினார். ஆய்தம் என்ற பெயரே 'ஆய்தல்' வழி வந்தது என்பது என் கட்சி. தொல்காப்பிய உரியியலில் ஆய்தல் என்பது 'உள்ளதன் நுணுக்கம்'. நுணுகிப் பார்ப்பதும் சார்ந்து வருவதும் ஒரே எழுத்தில்! இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

கு.:
ரசித்தேன் ஐயா. ஆனால் ஆய்தம் தனித்து ஒலிக்காது. ஆணையம் அறிக்கையைப் படித்துவிட்டு 'முடியாது' என்றும் சொல்லலாம். பிறர் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டால் அது அங்கீகாரம். கையேட்டில் அதுவும் தனியாக வரும்.

தா.:
மருந்தியல் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், 'நம்பியேற்பு' கூடவே கூடாது. 2022இல் காம்பியாவில் விற்ற சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. குழந்தைகள் இறந்தபின் வந்த எச்சரிக்கை. மருந்தைச் சோதிக்கும் கூடமே அப்போது அந்நாட்டில் இல்லை. அனுப்பிய நாடு பார்த்திருக்கும் என்று நம்புவது வேறு, பார்த்ததற்கான அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது வேறு. இன்னொன்று: உள்நாட்டிலேயே ஒரு தொழிற்சாலை தொடங்கி மருந்து செய்தால், பெரும்பாலும் வெளியார் அறிக்கை எதுவும் இருக்காது. ஆலையை அந்த ஆணையமே போய்ப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வருவதற்கு அறிக்கையை வைத்து நேரத்தை மிச்சப்படுத்துவதே இந்த ஆய்வுக்கு ஆளை ஒதுக்கத்தான். ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா நான்கும் 2013இல் சேர்ந்து தொடங்கிய 'ஜாஜிபோனா'வில் விண்ணப்பங்களைக் கூட்டாக மதிப்பிட்டார்கள். பதிவு செய்வது மட்டும் அவரவர் ஆணையம்.

கு.:
அப்படியானால் 'தெளிந்தேற்பு'. வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்பது ஆராய்ந்து நம்புவதைத்தானே? 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்', அதாவது ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும், இரண்டும் தீராத துன்பம் என்கிறார். அம்மா சொன்ன சிரப்பு முதல் வகை. முன்தகுதி பெற்ற எச்.ஐ.வி. மருந்தின் கோப்பை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டி மாதக்கணக்கில் முடக்குவது இரண்டாம் வகை.

ம.:
அழகுதான். ஆனால் இன்று 'தெளிவு' என்றால் குழப்பமின்மை. கையேட்டைப் படிக்கப்போவது மருந்தாளுநர். உரையாசிரியரையும் கூடவே அனுப்புவீர்களா?

இரா.:
'சார்ந்தேற்பு' என்றால் சார்பும் இருக்கும், நம் எல்லோருக்கும் தூக்கமும் இருக்கும்.

தா.:
சரி, பரவாயில்லை. விளக்கத்தில் 'பொறுப்பு மாறாது' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

செ.:
சேர்த்துவிட்டேன். 'சார்ந்தேற்பு' என்றே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

கு.:
அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லில் ஆய்வே இல்லை.