டிஷ் இணைப்பை விட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறலாமா? வீட்டில் நேரலை பார்ப்பவர் அப்பா மட்டுமே

கேள்வி – மாடித்தளம்

வணக்கம். எங்கள் வீட்டு டிஷ் இணைப்பின் ஆண்டுச் சந்தா விரைவில் முடிகிறது. மனைவியும் நானும் பிள்ளைகளும் பார்ப்பவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு மாறிவிட்டதால், இம்முறை சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. செலவை மட்டும் பார்த்தால் விட்டுவிடுவதுதான் சரி. ஆனால் டிஷ்ஷை இன்றும் முழுமையாகப் பயன்படுத்துகிறவர் அப்பா ஒருவர்தான். அவருடைய வசதியை எண்ணிப் பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு மனமில்லை.

அப்பா காலையில் செய்தியும் மாலையில் விளையாட்டும் பார்ப்பார். அவருக்குப் பார்வை சற்று மங்கல். எந்த சேனலுக்கு எந்த எண் என்பது மனப்பாடம் என்பதால், ரிமோட்டைக் குனிந்து பார்க்காமலேயே 5 என்ற பொத்தானின் மேலுள்ள சிறு புடைப்பை விரலால் தடவி, அங்கிருந்து மற்ற எண்களைக் கணித்து அழுத்திவிடுவார். செயலிகளின் முகப்பில் வரிசை வரிசையாக நகரும் படங்களுக்கு நடுவே அவர் தமக்கு வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதே என் முதல் கவலை.

மற்றவை தொழில்நுட்பம் சார்ந்தவை. எங்கள் இணைய வேகம் 50 எம்பிபிஎஸ். ரூட்டரும் புதிய டிவியும் கூடத்தில் இருக்கின்றன. அப்பாவின் அறையில் இருப்பது பழைய ஸ்மார்ட் டிவி; இடையே இரண்டு சுவர்கள் உண்டு. இரவில் அங்கே படம் அடிக்கடி நின்று வட்டம் சுற்றுகிறது, ஆனால் அதே நேரத்தில் கூடத்தில் கைப்பேசியில் சோதித்தால் முழு வேகம் காட்டுகிறது. இன்னும் வேகமான திட்டத்துக்கு மாற வேண்டுமா? நேரலை விளையாட்டு தாமதமாக வரும் என்கிறார்களே, அது எவ்வளவு, ஏன்? ஏற்கெனவே மாறியவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி – செப்புக்கம்பி

வீடுகளுக்கு இணைய இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், அந்தப் பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். உங்களுக்கு வேகமான திட்டம் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குப் பரிந்துரைக்கும் வேகம் முழு எச்டி காட்சிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே காட்சிக்கு 15 எம்பிபிஎஸ். மற்ற சேவைகள் சற்றுக் கூடுதலாகக் கேட்கக்கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு டிவியில் 4கே படமும் மற்றொன்றில் எச்டி செய்தியும் ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் கைப்பேசியில் வேறு ஏதாவது பார்த்தாலும் 50 எம்பிபிஎஸ் தாங்கும்.

குறை இருப்பது கூடத்துக்கும் அப்பாவின் அறைக்கும் இடையில்தான். உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும் வகையாக இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தூரம் போகும். ஆனால் அதன் கொள்ளளவு குறைவு, அதிலும் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே இடத்தில் நெரிசலை உண்டாக்கும். இரவில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் வட்டம் சுற்றுவதற்கு இது பெரும்பாலும் காரணமாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் மிகவும் வலுவிழந்துவிடும். கூடத்தில் கைப்பேசியில் எடுத்த சோதனை கூடத்தின் வேகத்தைத்தான் சொல்லும். அப்பாவின் டிவி இருக்கும் இடத்திலேயே, வட்டம் சுற்றும் அதே இரவு நேரத்தில், கைப்பேசியை டிவியின் பின்புறம் பிடித்துச் சோதித்துப் பாருங்கள். அங்கே வேகம் மிகவும் தாழ்ந்திருந்தால், நீங்கள் இணைய நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கட்டும் பணம் அந்த அறையை எட்டவே போவதில்லை.

இதற்கு மிகச் சிறந்த தீர்வு ரூட்டரிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிளை நேராக இழுத்துவிடுவதுதான். பல டிவிகளில் ஈதர்நெட் துளையின் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 4கே காட்சிக்கு அது தாராளம். சுவரோரமாகக் கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால் மட்டும், இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வீடு முழுதும் வைஃபை பரப்பும் மெஷ் வகை ரூட்டரைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் இரண்டாம் பெட்டியை அப்பாவின் அறைக்குள் வைக்காமல், முதல் ரூட்டரின் அலை நன்றாக எட்டும் இடைப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னொன்று மாதாந்திரத் தரவு வரம்பு. நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டி காட்சி மணிக்கு 3 ஜிபி வரையிலும் 4கே காட்சி மணிக்கு 7 ஜிபி வரையிலும் செலவிடும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் எச்டி பார்த்தால் மாதத்துக்கு 360 ஜிபி ஆகும், இரண்டு டிவிகள் என்றால் 720 ஜிபி. டிஷ் இருந்தவரை அப்பா பார்த்த மணிநேரங்கள் இணையக் கணக்கில் சேரவே இல்லை. இனி அத்தனையும் சேரும். உங்கள் திட்டத்தில் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்பதைச் சந்தாவை விடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

பழைய டிவியைப் பொறுத்தவரை, திரை நன்றாக இருக்கும்வரை டிவியை மாற்றாதீர்கள். டிவிக்குள் இருக்கும் செயலிகளுக்கு ஆயுள் குறைவு. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய சாம்சங் டிவிகளிலும் ரோகு என்ற ஸ்ட்ரீமிங் கருவிகளிலும் இயங்குவதை நிறுத்திக்கொண்டது நினைவிருக்கலாம். எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் ஒன்றை வாங்கிவிட்டால் திரைக்கு மட்டுமே டிவி தேவைப்படும். ஆனால் பெயர் தெரியாத மலிவான பெட்டிகளை வாங்க வேண்டாம். அவற்றில் வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பின் உயர்நிலையான எல்1 சான்று இல்லாவிட்டால், எவ்வளவு வேகமான இணையம் இருந்தாலும் பல சேவைகள் எச்டி தரத்தில் காட்சியைத் தராது. படம் மங்கலாகவே வரும்.

மறுமொழி – தாழ்வாரம்

நான் அம்மாவுக்காக இந்த மாற்றத்தைச் செய்தவள். மேலே எழுதியிருப்பவர் சொன்ன அனைத்தும் சரி. ஆனால் முதியவர்கள் இருக்கும் வீட்டில் இணைய வேகத்தைவிட ரிமோட்தான் பெரிய கேள்வி என்பது என் உறுதியான எண்ணம்.

டிஷ் ரிமோட்டில் ஒரு பொத்தானுக்கு ஒரே வேலை. ஸ்டிக் ரிமோட்டில் எண்களே பெரும்பாலும் இருப்பதில்லை; அம்புக்குறியும் நடுப்பொத்தானும் இப்போது எந்தத் திரையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு வேலை செய்யும். அம்மாவுக்குச் சிக்கலாக இருந்தது படங்களைத் தேடுவது அல்ல. நெடுநேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று திரை கேட்கும் அல்லவா, அந்தக் கேள்வி வந்து படம் நின்றதும் டிவி பழுதாகிவிட்டதென்று நினைத்து, எழுந்து போய்ச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவார். மறுபடி போட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப அவருக்குத் தெரியாது. நாங்கள் யாராவது வீடு திரும்பும்வரை டிவி இல்லாமலேயே உட்கார்ந்திருப்பார்.

பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். ஸ்டிக்கின் முகப்பில் அவருக்குத் தேவையான இரண்டு செயலிகளை மட்டும் முதல் வரிசைக்குக் கொண்டுவந்து, மற்றவற்றை நீக்கிவிட்டேன். ஒவ்வொரு செயலியிலும் அவருக்கெனத் தனிப் பயனர் பக்கம் (புரொஃபைல்) வைத்து, பிள்ளைகள் பார்ப்பவை அவர் திரையில் கலக்காதபடி செய்தேன். எச்டிஎம்ஐ-சிஇசி என்ற அமைப்பை இயக்கிவிட்டால் ஸ்டிக் ரிமோட்டே டிவியையும் போட்டு அணைக்கும். இரண்டு ரிமோட்டுகளில் ஒன்று குறைவது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் குழப்பத்தில் பாதி அதனால்தான் தீர்ந்தது. குரலில் கேட்கும் வசதியும் உதவியது. சேனலின் பெயரைச் சொன்னால் நேராக அது திறந்துவிடுவதால், பார்வை மங்கியவருக்கு எழுத்துப்பலகையில் தட்டும் வேலை இல்லாமல் போகிறது.

எண்ணை அழுத்திப் பழகிய உங்கள் அப்பாவுக்கு, சேனல்களை நிகழ்ச்சி அட்டவணையோடு அடுக்கிக் காட்டும் நேரலைச் செயலி ஏதேனும் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். மேல், கீழ் அம்புகளால் ஒவ்வொரு சேனலாக நகரலாம் என்றால் அவர் பழகிக்கொள்வார். டிஷ் நிற்பதற்கு முன்பே ஸ்டிக்கைப் பொருத்தி, இரண்டும் சேர்ந்து இயங்கும் காலம் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். பழையது ஒரு நாளில் மறைந்து புதியது ஒரு நாளில் வந்து நின்றால், தம்மைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்ற வருத்தம்தான் அவருக்கு மிஞ்சும்.

மறுமொழி – எல்லைக்கோடு

நேரலைத் தாமதம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. டிஷ்ஷுக்கு வரும் சமிக்ஞை, பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்புகிறது. அத்தனை தூரத்துக்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ கால் விநாடிதான். காட்சியைச் சுருக்கி அனுப்புவதற்கு ஆகும் சில விநாடிகளைச் சேர்த்தாலும் அது சிறிய தாமதமே.

ஸ்ட்ரீமிங்கில் நடப்பது வேறு. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையும் அதைப் போன்ற மற்ற முறைகளும் காட்சியைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, கோப்புகளாக அனுப்புகின்றன. ஒரு துண்டு முழுதாகத் தயாரான பிறகே அதை அனுப்ப முடியும். செயலியும் இணையம் தடுமாறினால் சமாளிக்க மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்குவது வழக்கம். துண்டு 6 விநாடி என்றால் அதிலேயே 18 விநாடி போய்விடுகிறது. மற்ற கட்டங்களையும் சேர்த்தால் அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். இந்தத் தாமதத்தைக் குறைக்கும் முறைகள் வந்துவிட்டன என்றாலும் எல்லாச் செயலிகளும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

செய்திக்கு இது ஒரு பொருட்டே அல்ல. விளையாட்டுக்கு அப்படியில்லை. பக்கத்து வீட்டில் கேபிள் டிவி இருந்தால், உங்கள் அப்பா பந்து வீசப்படுவதைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே கைதட்டல் கேட்டுவிடும். கைப்பேசியில் முடிவை அறிவிக்கும் செய்தியும் முந்திக்கொண்டு வரும். அதையாவது ஆட்ட நேரத்தில் அணைத்து வைக்கலாம். பெரிய ஆட்டங்களின் போது சில செயலிகள் கூட்டம் தாங்காமல் திணறுவதும் உண்டு, ஏனென்றால் டிஷ்ஷில் ஒரே சமிக்ஞையை எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், ஸ்ட்ரீமிங்கிலோ ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே அனுப்பியாக வேண்டும்.

எனவே, உங்கள் அப்பா விளையாட்டை உயிராகப் பார்க்கிறவர் என்றால், டிஷ்ஷை முழுதாக விடுவதற்கு நான் எதிரானவன். கனமழையில் டிஷ் சமிக்ஞை மங்குவது உண்மைதான், டிஷ் பயன்படுத்தும் கே-யூ அலைவரிசைக்கு மழை பகை. ஆயினும் இணையம் அறுந்தால் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவருக்கு வேண்டிய சேனல்கள் மட்டும் உள்ள மிகச் சிறிய தொகுப்புக்கு இறங்கி, மிச்சப் பணத்தை ஸ்ட்ரீமிங்குக்குத் திருப்பலாமே.

மாடித்தளம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றிரவு அப்பாவின் அறையில் டிவியின் பின்புறம் கைப்பேசியை வைத்துச் சோதித்தேன். கூடத்தில் 48 எம்பிபிஎஸ் காட்டியது அங்கே 4-ஐத் தாண்டவில்லை. கேபிள் இழுக்க வழி இருக்கிறது, அதையே முதலில் செய்யப்போகிறேன். தாமதத்தைப் பற்றி அப்பாவிடமே கேட்டேன். அரை நிமிடம் பிந்தினால் தனக்குக் கவலையில்லை, ஆட்டம் நடுவில் நிற்காமல் இருந்தால் போதும் என்கிறார். சிறிய தொகுப்பில் டிஷ் தொடரட்டும், கேபிள் வழியாக ஸ்ட்ரீமிங் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அவரே முடிவு சொல்லட்டும் என்று பேசியிருக்கிறோம். இன்னும் ஒரே ஓர் ஐயம்: செட் டாப் பாக்ஸில் நாங்கள் பதிவு செய்து வைத்திருக்கும் நிகழ்ச்சிகள் என்னவாகும்?

மறுமொழி – தாழ்வாரம்

பெரும்பாலான பெட்டிகளில் பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை எடுத்து வேறு கருவியில் ஓட்ட இயலாது, சந்தா முடிந்ததும் அதே பெட்டியில்கூடத் திறக்காமல் போகலாம். அப்பாவுக்குப் பிடித்தவை இருந்தால் இப்போதே பார்த்து முடிக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரீமிங்கில் பதிவு என்பதற்குப் பதிலாகத் தரவிறக்கம் உண்டு, ஆனால் அதற்கும் காலக்கெடு இருக்கும். உரிமம் முடிந்த படங்கள் அறிவிப்பில்லாமல் சேவையிலிருந்தே போய்விடுவதும் உண்டு.

மறுமொழி – செப்புக்கம்பி

அந்த 4 எம்பிபிஎஸ்தான் காரணம். கேபிள் போட்டதும் வட்டம் நின்றுவிடும். கேபிளை வாங்கும்போது கேட் 6 வகை என்று கேட்டு வாங்குங்கள், கதவிடுக்கில் நசுங்காதபடி இழுங்கள். முடிவில் டிஷ்ஷை விடுவதானால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாட்டை முதலில் ரத்து செய்யுங்கள். செட் டாப் பாக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானதா என்று ஒப்பந்தத்தில் பார்த்து, திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் அதன் வரிசை எண்ணைக் குறிப்பிட்ட ரசீதைக் கையில் வாங்கிய பிறகே ஒப்படையுங்கள்.