ஆர்ஐஎஸ் தகடு ஒரே பயனருக்கு அள்ளிக் கொடுக்கிறது

மஞ்சக்குப்பம் மாணவி:
கடலூரில் எங்கள் தெரு முனையை மாதிரியாக வைத்து மேட்லாப் மென்பொருளில் ஓட்டுகிறேன். டவர் சிக்னலை வேண்டிய பக்கம் திருப்பிவிடும் ஆர்ஐஎஸ் தகடு ஒன்றை வைத்திருக்கிறேன். தகட்டில் சிக்னலைத் திருப்பும் 64 சிறு உறுப்புகள், 4 பயனர்கள், டவரிலிருந்து நேர்ச் சிக்னல் கிடையாது. வேகம் முழுக்க மருந்துக் கடை வாசலில் நிற்பவருக்கே போகிறது. மற்ற மூவருக்குப் பூஜ்யம். இரண்டு ராத்திரி போச்சு. எங்கே தப்பு?

காலாப்பட்டு அண்ணன்:
நீ கேட்டதைத்தான் அது கொடுத்திருக்கிறது, தங்கச்சி. மொத்த வேகத்தைக் கூட்டச் சொன்னால் வலுவான ஆளுக்கே பவர் போகும். குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தச் சொல். ஆனால் அது மட்டும் போதாது. டவருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரே நேர்கோட்டுப் பாதைதானே வைத்திருக்கிறாய்? அப்படியென்றால் அந்தப் பாதையைக் குறிக்கும் அணியின் (மேட்ரிக்ஸ்) தரம் (ரேங்க்) 1, அதாவது தகட்டுக்குத் தனித்தனியாக அனுப்ப ஒரே ஒரு வழிதான். டவரில் எத்தனை ஆண்டெனா இருந்தாலும் நாலு பேரைப் பிரிக்க முடியாது. எல்லாருக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சுவர், கட்டடங்களில் பட்டுச் சிதறி வரும் பாதைகளையும் சேர்.

மாணவி:
ஐயோ, அதேதான்! சோம்பேறித்தனமாக ஒரே பாதை போட்டிருந்தேன்.

பழைய ஆர்எஃப் (ரேடியோ அலை) ஆள்:
தகட்டைத் தெரு நடுவில் மாட்டாதீர்கள். டவர் பக்க இழப்பும் பயனர் பக்க இழப்பும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ளும், நடுவில்தான் அது மிக அதிகம். ஏதாவது ஒரு முனைக்கு அருகில் வையுங்கள். ஒவ்வொரு உறுப்பும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்ற 2 பிட் போதும், இழப்பு சுமார் 0.9 டெசிபல், 1 பிட் என்றால் 3.9.