புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால், 3 வாரம் கழித்து

கோத்தகிரியில் 11 படி ஏறித்தான் எங்கள் வீடு. அம்மாவின் மூட்டு மாற்று அறுவைக்கு முன் வீட்டில் என்ன செய்து வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி வெஸ்டர்ன் டாய்லெட், படியோரம் கைப்பிடி எல்லாம் வைத்தோம். கைப்பிடிதான் பெரிய உதவி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்.

ஒரு தவறு செய்துவிட்டேன். வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். மடங்கியே கிடந்தால் கால் முழுசாக நீளாது என்று பிசியோதெரபிஸ்ட் எடுத்துவிட்டார். இப்போது சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில்தான்.

காலைக் குளிரில் மூட்டு இறுகிவிடுகிறது, அதனால் வெயில் வந்த பிறகே பயிற்சி. இந்தக் குளிரில் ஐஸ் வைக்கத்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. "வீக்கம் வத்தணும்ல, 15 நிமிஷம் தாங்கிக்கோம்மா" என்பேன். நேற்று 90 டிகிரி மடக்கினார்!