தற்கொலைத் தடுப்பு: எந்த வயதில் எதைக் கவனிக்கிறீர்கள்? (அனுபவப் பகிர்வு)

உதவி எண் தன்னார்வலர், சென்னை:
பிளஸ் டூ ரிசல்ட் வாரத்தில் போன் ஓயாது. பெயிலானதைவிட அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். அதனால் மார்க்கைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "இப்போ பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேட்போம். இந்த வயதில் தற்கொலை எண்ணம் சட்டென்று உச்சத்துக்குப் போய், பல நேரம் சில மணி நேரத்திலேயே தணிந்துவிடும். அதுவரை தனியே விடக் கூடாது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதை ரிசல்ட்டுக்கு முந்தின நாளே வீட்டில் சொல்லிவையுங்கள். தமிழ்நாட்டில் 14416, 104 இரண்டிலும் எந்நேரமும் பேசலாம். இலங்கையில் 1926.

முதியோர் பிரிவு செவிலியர், மதுரை:
எங்களிடம் வருகிறவர்கள் இதற்கு நேர் எதிர். போன் செய்ய மாட்டார்கள், அழவும் மாட்டார்கள். தூக்கமில்லை, வயிறு சரியில்லை என்றுதான் வருவார்கள். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவதில்தான் கோளாறே. முதியவர்களில் முயற்சிகள் குறைவு, ஆனால் முயன்றால் உயிர் போகும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஆண்கள், தீராத வலி உள்ளவர்கள், "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்று சொல்லத் தொடங்கியவர்கள், இவர்களை உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். பத்தாம் நாளே "கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும் அவர் கையில், மீதி வேறொருவரிடம். காது மெஷின் வாங்கிக் கொடுத்த பிறகு பேச்சுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள்.

மருத்துவ சமூகப் பணியாளர், கடலூர்:
இடைப்பட்ட வயதுக்காரர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள். நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. காரணமாக முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை, அடுத்து நோய். ஆனால் ஒருவருக்கு ஒரு காரணம் என்றுதான் அந்த அட்டவணை பிரிக்கிறது. நேரில் பார்த்தால் கடன், குடி, சண்டை, முதுகுவலி எல்லாம் ஒரே வீட்டில் இருக்கும். "கடந்த ஒரு மாசத்துல என்ன மாறிச்சு?" என்று கேட்டால் நிஜம் வெளியே வரும்.

முயற்சி செய்து பிழைத்தவருக்கு டிஸ்சார்ஜ் ஆன முதல் மூன்று மாதம்தான் கண்டம். முதல் வாரத்திலேயே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "தெரியாம நடந்துடுச்சு" என்று மறைக்கிறார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்புவதே அங்கே தவறிப்போகிறது. 2017 மனநலச் சட்டத்தின் 115வது பிரிவு அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் இல்லை.

வேளாண் துறை, ஓய்வு:
ஒன்றைச் சேர்க்கிறேன், இது எல்லா வயதுக்கும் பொருந்தும். கடும் நச்சுப் பூச்சிமருந்துகளை இலங்கை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தது. தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது, நெல் விளைச்சல் குறையவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் மருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுக் கிடங்கில் குடும்பத்துக்கு ஒரு பூட்டுப்பெட்டி வைத்துப் பார்த்தார்கள். அது இல்லாத ஊரில் அன்றைய தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைச் சமையலறைப் பரணில் ஏற்றாதீர்கள்.