377 போய்விட்டது, அதன்கீழ் பெற்ற தண்டனை என்ன ஆகும்?

மலையடிவாரம்:
சேலம் சூரமங்கலத்தில் இணையவழி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்தார். காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகனைப் பார்த்துவர விசா விண்ணப்பம் நிரப்பவேண்டும் என்றார். தடங்கலின்றிப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா, பின்னர் மன்னிக்கப்பட்டிருந்தாலும் சொல்லவும் என்ற பொருளில் ஒரு கேள்வி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, 1980களில் இன்னோர் ஆணுடன் இருந்ததற்காக இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் சிறையில் இருந்ததாகச் சொன்னார். இருவரும் வயது வந்தவர்கள், விரும்பியே இருந்தவர்கள். வழக்கு நீண்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

வயது வந்த இருவர் தனிமையில், இசைவோடு கூடுவது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அப்படியிருக்க, இவர் மட்டும் சாகும்வரை ‘ஆம்’ என்றே எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? இத்தகைய தண்டனைகளை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி இல்லாமல் ஆக்கவேண்டும் என்பது என் கருத்து.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
பெரியவருக்கு நேர்ந்தது கொடுமைதான். ஆனால் நீங்கள் கேட்கும் பரிகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட இச்சமூகத்தாரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று 2018 தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதியதை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். நிலுவையில் இருக்கும் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம், முடிந்துபோன வழக்குகளை இதைக் கொண்டு மறுபடி திறக்கக் கூடாது என்று அதே தீர்ப்பின் முடிவில் அவரே எழுதியிருப்பதை எவரும் சொல்வதில்லை. 2009இல் இதே பிரிவை எதிர்த்து வந்த நாஸ் அறக்கட்டளை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதே எல்லையைத்தான் வகுத்தது. நீதிமன்றத்தின் பார்வை மாறும்போதெல்லாம் பழைய தண்டனைகள் அனைத்தும் எழுந்து வரும் என்றால், எந்தத் தீர்ப்பும் தீர்ப்பாக இராது.

ஒரு விளக்கமும் சொல்லவேண்டும். நம் கடவுச்சீட்டுச் சட்டம், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்குத்தான் மறுக்க இடம் தருகிறது. பெரியவர் அதில் சிக்கமாட்டார். அவரைத் தடுத்து நிறுத்தியது வேறொரு நாட்டின் படிவம். நம் நாடாளுமன்றம் தண்டனையை அழித்தாலும் அந்தக் கேள்வி அழியாது.

செவ்வாய்ப்பேட்டை வாசகி:
வழக்கறிஞர் ஐயா, நீதிமன்றம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துமா? ஜெர்மனியில் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 175ஆவது பிரிவு செல்லும் என்று அரசமைப்பு நீதிமன்றமே 1957இல் சொல்லியிருந்தது. அந்தப் பிரிவு 1994இல் முற்றிலும் நீக்கப்பட்ட பின்னும் தண்டனைகள் நின்றன. 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் போருக்குப் பிந்தைய தண்டனைகளைச் செல்லாதவையாக்கி, ஒவ்வொரு தண்டனைக்கும் 3000 யூரோவும் சிறையில் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1500 யூரோவும் இழப்பீடாக அறிவித்தது. அதனால் அங்கே நீதித்துறை இடிந்து விழுந்துவிடவில்லை. கனடாவும் நியூசிலாந்தும் 2018இல் தனிச் சட்டம் இயற்றின. நியூசிலாந்தில் அவ்வாறு தண்டனை நீக்கப்பட்டவர், தமக்குத் தண்டனையே இல்லை என்று சொல்ல உரிமை பெறுகிறார். இறந்துபோனவருக்காக உறவினரும் விண்ணப்பிக்கலாம்.

படிவம் வெளிநாட்டினுடையது என்பது உண்மை. அதற்கு அவர் எழுதவேண்டிய பதிலை உண்டாக்கியது எந்த நாடு?

அம்மாப்பேட்டை தறிக்காரர்:
நான் படித்தது குறைவு; பார்த்தது அதிகம். எங்கள் பகுதியில் இந்தப் பிரிவைச் சொல்லி மிரட்டிக் கைக்கடிகாரத்தையும் சம்பளப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பியதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, நீதிமன்றம் வரை போய்த் தண்டனை பெற்றவர் ஒருவரையும் அறியேன். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்காகச் சட்டம் இயற்றுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. பணம் பறித்தவர்கள்மீது எந்தப் பதிவும் இல்லை. பறிகொடுத்தவர்களிடம் ரசீதும் இல்லை. அவர்களுக்கு எந்த நாட்டுச் சட்டம் வழி சொல்கிறது?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
தறிக்கார அண்ணன் சொல்வதை மறுக்கமாட்டேன். வாசகிக்கு என் பதில் வேறு. 377ஐ ஒரே வகைக் குற்றமாக நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் பாலியல் வல்லுறவுப் பிரிவு பெண்களுக்கு இழைக்கப்படும் குற்றத்தை மட்டுமே பேசியதால், 2012இல் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும்வரை சிறுவர்களைச் சீரழித்தவர்களைத் தண்டிக்க இருந்த முதன்மையான பிரிவு இதுதான். மொத்தமாக அழித்தால் அவர்களும் சுத்தமாகி வெளியே வருவார்கள். பிரித்துப் பார்க்கலாம் என்பீர்கள். இசைவு இருந்ததா என்பது அந்தப் பிரிவுக்குப் பொருட்டே அல்ல என்பதால், பழைய தீர்ப்புகள் பலவற்றில் அதைப் பற்றி ஒரு வரிகூட இராது. எதை வைத்துப் பிரிப்பது? பாதிக்கப்பட்ட சிறுவனாக இருந்து இன்று ஐம்பது வயதாகிவிட்ட ஒருவர், தம்மைக் கெடுத்தவனின் தண்டனை நீங்கியதைச் செய்தித்தாளில் படிக்க வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை வாசகி:
இந்தக் கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்லாமல் எந்தச் சட்டமும் வரக் கூடாது. இத்தகைய தண்டனைப் பதிவை நீக்க இங்கிலாந்தில் 2012 முதல் உள்ள முறையில், மற்றவரின் இசைவு இருந்திருக்க வேண்டும், அவர் 16 வயது நிறைந்தவராக இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்க்கிறார்கள். அந்த முறையிலும் குறை இருந்தது: எந்தெந்தப் பிரிவுகள் அதில் அடங்கும் என்பதை மிகக் குறுக்கிவிட்டு, 2022இல்தான் சட்டத்தை விரித்தார்கள். ஆனால் இசைவு பொருட்டல்ல என்று சட்டம் எழுதியதும் அரசுதான், இசைவுக்குச் சான்று எங்கே என்று இப்போது கேட்பதும் அரசுதான் என்றால், அந்தப் பாரம் யார் தலையில் விழவேண்டும்?

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அரசு வழங்குவதும் மன்னிப்பு, அரசு கேட்கவேண்டியதும் மன்னிப்பு. இரண்டுக்கும் ஒரே சொல். பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆலன் டூரிங் ஆணுடன் உறவு கொண்டதற்காக 1952இல் தண்டிக்கப்பட்டு 1954இல் இறந்தார்; 2013இல் அரசமன்னிப்பு வழங்கப்பட்டது. அங்கேயே இதே போன்ற குற்றத்துக்காக 1974இல் தண்டனை பெற்ற ஜார்ஜ் மாண்டேக் என்பவரோ, மன்னிப்பை ஏற்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அரசுதான் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நின்றார். நம் ஆளுநருக்கு அரசமைப்பின் 161ஆவது கூறு தரும் மன்னிப்பு அதிகாரத்தை நான் நம்பாததற்கும் இதுவே காரணம்.

மலையடிவாரம்:
நேற்று பெரியவருக்காகத் தீர்ப்பு நகல் கேட்டு விண்ணப்பித்த இடத்தில் கிடைத்த பதிலைச் சொல்கிறேன். பாதுகாக்கவேண்டிய காலம் முடிந்து வழக்குக் கட்டு அழிக்கப்பட்டுவிட்டதாம். பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கிறது: எண், பெயர், பிரிவு, தண்டனை. அவருக்குச் சாதகமாக ஏதேனும் இருந்திருந்தால் அது போய்விட்டது. பாதகமானது மட்டும் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், சேலம் உப்புக் குறவர் போன்றோர் அதன் நிழலில் பிறந்த சீர்மரபினர் என்ற பெயரைச் சான்றிதழில் சுமப்பதுதான் என் நினைவுக்கு வந்தது.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
அந்த ஒப்பீடு சரியல்ல தம்பி. அது பிறப்பைத் தண்டித்த சட்டம், இது ஒரு செயலைத் தண்டித்த சட்டம். மேலும் சீர்மரபினர் என்ற பெயரால் இன்று சலுகையும் கிடைக்கிறது. ஆனால் வழக்குக் கட்டு அழிந்த செய்தி என் வாதத்தின் ஒரு பகுதியை அசைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆவணத்தைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் ஆவணம் வேண்டும். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்க வழிசெய்யும் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அச்சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியின்மையை நீக்குகிறது. சிறார் நீதிச் சட்டமும் அப்படியே. சிறை சென்றவருக்கு அத்தகைய பொதுவான வழி நம் நாட்டில் இல்லை. எல்லாத் தண்டனைகளுக்கும் பொதுவாக, இத்தனை ஆண்டுக்குப் பின் பதிவு காலாவதியாகும் என்று ஒரு சட்டம் வந்தால் அதை ஆதரிப்பேன். இவர்களுக்கு மட்டும் தனியாக என்றால், இப்போதும் இல்லை என்றே சொல்வேன்.

விசா படிவத்தில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். மறைத்ததுதான் பின்னால் பெரிய குற்றமாக நிற்கும். பதிவேட்டு வரியின் சான்றிட்ட நகலையும் 2018 தீர்ப்பின் முடிவுரையையும் எடுத்து வரட்டும், இணைப்புக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி:
இவர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம் என்கிறீர்கள், அவருக்கு மட்டும் கடிதம் எழுதுகிறீர்கள்!

மலையடிவாரம்:
திங்கட்கிழமை முதல் பேருந்தில் மலையிறங்கி வருவதாகச் சொன்னார். விளக்கம் கேட்கும் கட்டத்துக்காக அவர் சொல்லச் சொல்ல நான்கு வரி தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மற்றவரின் பெயரையும் கேட்பார்களா என்று இருமுறை விசாரித்தார். கேட்கவில்லை என்றேன்.