ரீமேப் செய்த அன்றாடக் காருக்குக் கட்டுப்படியாகும் கிளட்ச் எது?

நான்காம்கியர்: என் டர்போ பெட்ரோல் காரின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டராக இருந்தது, ரீமேப் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திருத்துவது) செய்த பிறகு 340ஐத் தொடுகிறது. நான்காம் கியரில் 2,500 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தால் டாக்கோமீட்டர் முள் விறுவிறுவென ஏறுகிறதே தவிர, கார் வேகமெடுப்பதில்லை, அதாவது கிளட்ச் வழுக்குகிறது. தினமும் நெரிசலில் ஓடும் வண்டி இது. குறைந்த விலைக்குச் செராமிக் கிளட்ச் தட்டு ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பழையபட்டறை: வேண்டாம், நண்பரே. கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை என்பது உராய்வுக் கெழு, அழுத்து விசை, சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கல். உதாரணத்துக்கு, கெழு 0.3, விசை 5,500 நியூட்டன், ஆரம் 0.095 மீட்டர், பரப்பு இரண்டு எனக் கொண்டால் ஏறத்தாழ 313 நியூட்டன் மீட்டர் வரும். 250க்கு அது தாராளம், 340க்குப் போதாது. காரில் வழக்கமாக வரும் ஆர்கானிக் (நார், பிசின் கலந்த) தட்டையே வைத்துக்கொண்டு, 30 சதவீதம் கூடுதல் விசை தரும் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) போட்டால் 407 வரை தாங்கும். செராமிக் தட்டோ கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்காமல் சட்டென்று கவ்வும். நெரிசலில் ஊர்ந்து நகரும்போதெல்லாம் வண்டி உதறும், தட்டு உராயும் ஃபிளைவீலின் (இஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) முகமும் விரைவில் தேயும்.

செராமிக்அன்பர்: உங்கள் கணக்கை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. கெழு 0.4 உள்ள தட்டைப் பழைய பிரஷர் பிளேட்டோடு போட்டாலே 418 கிடைக்கிறது, பெடலும் கனக்காது. நீங்கள் சொல்லும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கனத்த பெடலை மிதித்தாக வேண்டும் என்பதோடு, அந்தக் கூடுதல் விசை, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் வழியாக, கிராங்க் ஷாஃப்ட் (இஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்கையும் தாக்கும். ஸ்பிரிங் வைத்த நடுப்பகுதி உள்ள செராமிக் தட்டை மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். முதல் மாதம் சிரமமாக இருந்தது, பிறகு கால் பழகிவிட்டது.

பழையபட்டறை: திரஸ்ட் பேரிங் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றிப் பெடலை விட்டுவிடுவதே அதற்கு மருந்து. ஆனால் கால் பழகுவதால் ஃபிளைவீல் தேயாமல் இருந்துவிடாது. சென்ற மாதம் நான் பிரித்த ஒரு வண்டியில், செராமிக் பட்டைகள் ஓடிய தடம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாகி, சுற்றிலும் நீலத் திட்டுகளாக வெந்துபோயிருந்தது. மலிவாக வாங்கிய தட்டுக்காக அவர் ஃபிளைவீலையே மாற்ற நேர்ந்தது.

இரண்டாம்கை: இருவருமே ஒரு வழியை விட்டுவிட்டீர்கள். அதே நிறுவனத்தின் பெரிய இஞ்சின் மாடலுக்கு வரும் கிளட்ச் பல கார்களில் ஃபிளைவீலோடு சேர்த்துப் பொருந்தும். ஆரம் 0.102 மீட்டர், விசை 6,200 நியூட்டன் என்றாலே ஆர்கானிக் தட்டில் 379 வருகிறது. கியர்பாக்ஸ் தண்டோடு தட்டைக் கோக்கும் ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, ஃபிளைவீல் போல்ட் துளைகள், ரிலீஸ் பேரிங் உயரம் ஆகிய மூன்றையும் வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். கூடவே, 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே முறுக்குவிசையை 320க்குள் நிறுத்தும்படி ரீமேப்பைத் திருத்தச் சொல்லுங்கள். கிளட்ச் வழுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

செராமிக்அன்பர்: ரீமேப்புக்குக் கொடுத்த காசுக்குக் கிடைத்த முறுக்குவிசையைத் திரும்பக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. இருந்தாலும் நெரிசலில் ஓடும் வண்டிக்கு இது நியாயமான யோசனைதான்.

பழையபட்டறை: எதைப் போட்டாலும், கியர்பாக்ஸை இறக்கும் கூலியே பெரிய செலவு என்பதால், ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கசியும் சீல் புதுத் தட்டையும் நனைத்து வழுக்க வைக்கும்.

நான்காம்கியர்: பெரிய இஞ்சின் மாடலின் ஸ்ப்ளைன் பற்கள் என் வண்டியோடு ஒத்துப்போகின்றன, ரிலீஸ் பேரிங் உயரத்தை மட்டும் இன்னும் அளக்கவில்லை. அதுவும் பொருந்தினால் அந்த செட்டையே வாங்கி, முதல் 800 கிலோமீட்டர் வரை முழுதாக மிதிக்காமல் ஓட்டுகிறேன்.