ஏடிபி பிணைப்பு ‘உடைந்தால்’ ஆற்றல் வருமா? பிளஸ் டூ விடைக்கு எத்தனை மார்க்?

பெரம்பூர்_பயாலஜி:
“ஏடிபியின் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளியாகும்”னு பையன் எழுதினா ரெண்டுக்கு ரெண்டு போடணும்கிறது என் கட்சி. ஏடிபிங்கிறது செல் ஆற்றலுக்குச் செலவழிக்கிற மூலக்கூறு; அது தண்ணியோட வினைபுரிஞ்சு பிரியற நீராற்பகுத்தல்ல மோலுக்கு 30.5 கிலோஜூல் வருதா, இல்லையா?

வியாசர்பாடி_கெமிஸ்ட்ரி:
வருது சார், ஆனா உடையுறதால இல்ல. எந்தப் பிணைப்பை உடைக்கவும் செலவுதான். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் வரவு. ஹைட்ரஜன் எரியுறதை எடுத்துக்குங்க: ஹைட்ரஜன் பிணைப்புக்கு 436, ஆக்சிஜன்ல பாதிக்கு 249, ஆக 685 செலவு. ரெண்டு ஓ–ஹெச் உண்டாகி 927 வரவு. கையில நிக்கறது 242. கெமிஸ்ட்ரி பீரியட்ல இதைப் படிச்சிட்டு அடுத்த பீரியட்ல நேர்மாறா கேட்டா புள்ள யாரை நம்பும்?

பெரம்பூர்_பயாலஜி:
அந்த 30.5ம் செலவு போக நின்னதுதானே? உயிர்வேதியியலாளர் லிப்மன் 1941லயே நெளிகோடு போட்டு ‘உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்பு’ன்னு எழுதிட்டார். அதைச் சுருக்கிச் சொல்றோம், அவ்ளோதான்.

வியாசர்பாடி_கெமிஸ்ட்ரி:
அந்த நெளிகோட்டைப் பார்த்துத்தான் பிணைப்புக்குள்ள ஆற்றலை அடைச்சு வச்சிருக்குன்னு நினைக்கிறாங்க. அப்படின்னா ஒரு கேள்வி: திட்ட நிலையில 30.5 தர்ற அதே பிணைப்பு, செல்லுக்குள்ள 50 பக்கம் தருதே, எப்படி? செல் ஏடிபியைச் சமநிலைக்கு ரொம்ப தூரத்துல, ஏகத்துக்கும் மிகுதியா வச்சிருக்கு. அதான் காரணம். அதோட, பிரிஞ்ச பிறகு எதிர்மின்சுமைகளோட தள்ளுமுள்ளு குறையுது, பாஸ்பேட்டுக்கு உடனிசைவு (எலக்ட்ரான்கள் பரவி நிக்கறது) கூடுது, தண்ணியும் நல்லா சூழ்ந்துக்குது.

காசிமேடு_மீன்வளம்:
நடுவுல வர்றேன். செத்த மீன் விறைக்கறது ஏடிபி தீர்றதாலதான். தசையில இருக்கற மயோசின் புரதத்தோட தலை, ஆக்டின்ங்கிற இன்னொரு புரதத்தைப் பிடிச்ச பிடியிலேயே நின்னுடும். பிடி விட, ஏடிபி வந்து ஒட்டினாலே போதும், உடைய வேண்டியதே இல்ல. உடைஞ்சா தலை அடுத்த இழுப்புக்குத் தயாராகும், அவ்ளோதான். பலமான இழுப்பு பாஸ்பேட் வெளியேறுற கட்டத்துலதான். வலையில ரொம்ப நேரம் துடிச்ச மீன் சீக்கிரம் விறைக்கறதும் இதனாலதான், கையிருப்பை முன்னாடியே செலவழிச்சிடுது. அப்புறம் மீன் தளர்றது ஏடிபி திரும்பி வந்து இல்ல, நொதிகள் புரதத்தை அரிக்கிறதால.

பெரம்பூர்_பயாலஜி:
ரெண்டு மார்க் கேள்விக்கு மயோசின் வரைக்கும் போகணுமா? குளுக்கோஸ்ல பாஸ்பேட் ஏத்த 13.8 வேணும், ஏடிபி 30.5 தருது, மிச்சம் 16.7. கணக்கு நேராத்தானே இருக்கு?

வியாசர்பாடி_கெமிஸ்ட்ரி:
கூட்டல் கழித்தல் சரி, நடக்கறது அது இல்ல. ஏடிபி முதல்ல தண்ணியில உடைஞ்சா வெறும் சூடுதான் மிச்சம், குளுக்கோஸ் அப்படியே கிடக்கும். ஹெக்சோகைனேஸ்ங்கிற நொதி குளுக்கோஸைச் சுத்தி மூடிக்கிட்டு, தண்ணியை வெளிய தள்ளிட்டு, பாஸ்பேட்டை நேரா ஆறாவது கார்பன்ல இருக்கற ஓ–ஹெச்சுக்கு மாத்துது. ‘வெளியான ஆற்றல்’னு எதுவும் நடுவுல மிதக்கறதே இல்ல. “ஏடிபி நீராற்பகுத்தலில் ஆற்றல் வெளியாகும்”னு எழுதச் சொல்லுங்க. அதுல எனக்குத் தகராறே இல்ல.

பெரம்பூர்_பயாலஜி:
சரி, பழைய வாக்கியத்தையே எழுதினவனுக்கு?

வியாசர்பாடி_கெமிஸ்ட்ரி:
ஒண்ணு.

பெரம்பூர்_பயாலஜி:
ஒன்றரை. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.